பொட்டு வைக்கும் இடத்தில் இரண்டு கோடு

இந்தப் பக்கத்துக்கு வருகிற கடிதங்களில் ஒரு வேடிக்கை உண்டு. முதல் பக்கம் முழுக்கக் குழந்தையின் சளி, மாமியாரின் மூட்டு வலி, தன்னுடைய தலைமுடி என்று வரிசையாக இருக்கும். கையெழுத்துப் போட்டு முடித்த பிறகு, மூலையில் பொடி எழுத்தில், "இன்னொன்று கேட்டால் சிரிக்க மாட்டீர்களே?" என்று ஒரு வரி. அந்த ஒரு வரி சமீப காலமாக அநேகமாக ஒரே விஷயத்தைப் பற்றித்தான். புருவங்களுக்கு நடுவில் விழுகிற கோடு.

சிரிக்க மாட்டேன், சகோதரிகளே. இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

நெற்றியில் குறுக்கே ஓடுகிற கோட்டை யாரும் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. ஆனால் பொட்டு வைக்கிற இடத்துக்கு இரு பக்கமும் செங்குத்தாக விழுகிறதே, அந்தக் கோடு பொல்லாதது. நாம் பாட்டுக்கு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருப்போம். "என்ன, யார் மேல கோபம்?" என்பார் வீட்டுக்காரர். பால் கணக்கைப் பார்த்துக்கொண்டிருப்போம். "அம்மா, திட்டப் போறியா?" என்று குழந்தை தள்ளி நிற்கும். கோபமே படாதவளைக் கோபக்காரியாக்கி ஊருக்குக் காட்டுகிற கோடு அது.

இதற்கு ஊசி இருக்கிறது, போட்டால் போய்விடுமாம் என்று கேள்விப்பட்டவர்கள்தான் எனக்கு எழுதுகிறார்கள். போட்டுக்கொள்ளலாமா, கூடாதா என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. டாக்டரிடம் முதல் தடவை ஆலோசனைக்குப் போனால் அங்கே என்ன நடக்கும், என்ன நடக்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன். ஒன்றை மட்டும் இப்போதே முந்தானையில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆலோசனைக்குப் போவது கேட்டுத் தெரிந்துகொள்வதற்கு. அன்றைக்கே ஊசி போட்டுக்கொண்டுதான் வர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

கோடு எப்படி விழுகிறது?

புருவத்தை நெறிக்கும்போது இரண்டு புருவங்களையும் உள்ளே இழுப்பதற்கென்று ஒரு ஜோடித் தசைகள் இருக்கின்றன. 'காரகேட்டர்' என்று டாக்டர்கள் சொல்வது அதைத்தான். மூக்குத் தண்டின் உச்சியில் 'புரோசீரஸ்' என்று இன்னொரு சின்னத் தசை. அது புருவ நடுவைக் கீழே இழுக்கிறது. இவை சுருங்கும்போதெல்லாம் மேலே இருக்கும் தோல் மடிகிறது. பட்டுப் புடவையை மடிப்பு மாற்றாமல் பீரோவில் வருஷக் கணக்கில் வைத்திருந்தால் மடித்த இடத்தில் கோடு விழுந்துவிடுகிறதல்லவா? அதே கதைதான்.

சின்ன வயசில் தோலுக்கு மீளும் சக்தி அதிகம். மடிந்தாலும் பழையபடி ஆகிவிடும். வயசாக ஆக, தோலுக்குள் இருக்கும் கொலாஜன், எலாஸ்டின் என்ற நார்ப் பொருள்கள் தளர்ந்துபோகின்றன. வெயில் அதைத் துரிதப்படுத்துகிறது. சிகரெட் புகையும் அப்படியே. அப்புறம் மடிப்பு மடிப்பாகவே தங்கிவிடுகிறது.

வீட்டுக் கண்ணாடி முன்னால் நீங்களே ஒரு பரீட்சை செய்து பார்க்கலாம். முகத்தைச் சும்மா வைத்துக்கொண்டு பாருங்கள். பிறகு புருவத்தை நெறித்துப் பாருங்கள். நெறித்தால் மட்டும் தெரிகிற கோடு ஒரு வகை. சும்மா இருக்கும்போதும் தெரிகிறது இன்னொரு வகை. முதல் வகைக்கு ஊசி நன்றாகக் கேட்கும். இரண்டாவது வகை ஓரளவு மெலியும். அடியோடு மறைந்துவிடும் என்று யாராவது சத்தியம் செய்தால் நம்பாதீர்கள்.

விஷம் மருந்தான கதை

அந்த ஊசி மருந்தின் பெயர் பாட்டுலினம் டாக்ஸின். 'போடாக்ஸ்' என்பது அதில் ஒரு கம்பெனி வைத்த வியாபாரப் பெயர். டிஸ்போர்ட், ஸியோமின் என்று வேறு பெயர்களும் உண்டு.

டாக்ஸின் என்றால் விஷம்தான். கெட்டுப்போன இறைச்சியில் வளரும் ஒரு கிருமி உண்டாக்குவது. சரியாகப் பதப்படுத்தாத உணவின் மூலம் இது உடம்பில் ஏறினால் மூச்சுவிடும் தசைகளே செயலிழந்து உயிர் போகும். இதே பொருளை மிக மிகச் சிறிய அளவில், வேண்டிய தசையில் மட்டும் செலுத்தினால் நரம்பு அந்தத் தசைக்கு அனுப்பும் செய்தி தடைப்படுகிறது. தசை கொஞ்ச காலம் ஓய்வெடுக்கிறது.

இதை முதலில் வைத்தியமாக்கியவர்கள் கண் டாக்டர்கள். அமெரிக்காவில் ஆலன் ஸ்காட் என்பவர் மாறுகண்ணைச் சரிசெய்ய இதைப் பயன்படுத்தி, 1980ல் அதைப் பற்றி எழுதினார். மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும் 1989ல் அங்கே அரசாங்க அனுமதி கிடைத்தது. கனடாவின் வான்கூவர் நகரில் ஜீன் கருதர்ஸ் என்ற பெண் கண் டாக்டர், இமை தானாக இறுக மூடிக்கொள்ளும் வியாதிக்காக ஓர் அம்மாளுக்கு இந்த ஊசியைப் போட்டு வந்தார். ஒரு தடவை அந்த அம்மாள், புருவ நடுவில் ஏன் போடவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டாராம். அங்கே போட்டால் முகம் கவலையில்லாமல் தெளிவாக இருக்கிறதாம்! ஜீனின் கணவர் அலஸ்டர் தோல் டாக்டர். இரண்டு பேரும் சேர்ந்து இதை ஆராய்ந்து 1992ல் வெளியிட்டார்கள். புருவக் கோட்டுக்கென்று அமெரிக்க அனுமதி வந்தது 2002ல்.

இத்தனையும் எதற்குச் சொல்கிறேன் என்றால், இது அழகுநிலையத்தில் ஃபேஷியலோடு சேர்த்துச் செய்துகொள்ளும் சமாசாரம் அல்ல. டாக்டர் எழுதித் தர வேண்டிய மருந்து.

யாரிடம் போவது?

தோல் டாக்டரிடம் போங்கள், அல்லது பிளாஸ்டிக் சர்ஜனிடம் போங்கள். பெயர்ப் பலகையில் எம்.டி. (டி.வி.எல்.) அல்லது டி.டி.வி.எல். என்று போட்டிருந்தால் தோல் மருத்துவம் படித்தவர். பிளாஸ்டிக் சர்ஜன் என்றால் எம்.சிஎச். இருக்கும். மருத்துவ கவுன்சிலில் பதிவு எண் என்ன என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. புடவைக் கடையில் சரிகை அசலா என்று நாலு தடவை கேட்கிறோம். முகத்தில் ஊசி குத்தப் போகிறவரை ஒரு தடவை கேட்கக் கூடாதா?

சில இடங்களில் டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னாலேயே, நேர்த்தியாக உடுத்திய பெண் ஒருவர் விலைப் பட்டியலோடு வந்து உட்காருவார். "மேடம், இன்னிக்கே போட்டுக்கிட்டா பாதி விலை. நாளைக்கு இந்த ஆஃபர் கிடையாது." இப்படிக் கேட்டால் சிரித்துக்கொண்டே எழுந்துவிடுங்கள். உங்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே விலை சொல்கிறவர்களுக்கு உங்கள் முகம் முக்கியமில்லை.

நாலு பேர் சேர்ந்து ஒருவர் வீட்டில் விருந்து மாதிரி வைத்து ஊசி போட்டுக்கொள்வதும் இருக்கிறது. அந்தப் பக்கமே போக வேண்டாம். 2024 ஏப்ரலில் அமெரிக்காவில் போலி போடாக்ஸ் புழங்குவதாக அரசாங்கமே எச்சரித்தது. டாக்டர் இல்லாத இடங்களிலும் வீடுகளிலும் போட்டுக்கொண்ட பெண்களில் சிலருக்குப் பார்வை மங்கி, விழுங்க முடியாமல், மூச்சுத் திணறி, ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தது.

டாக்டர் என்ன கேட்பார்?

இங்கே என் கடைசி நாத்தனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் எழுதுகிறேன். அவளுக்கு முப்பத்து நாலு வயசு, இரண்டு குழந்தைகள். சின்னதுக்கு அப்போது ஏழு மாசம். உறவில் ஒரு வளைகாப்பில் எடுத்த போட்டோ வந்தது. எல்லாரும் சிரிக்கிற படத்தில் இவள் மட்டும் யாரையோ முறைத்துக்கொண்டு நிற்கிறாள். "ஏன் மூஞ்சியை எப்பவும் இப்படி உர்ருன்னு வச்சிருக்கே?" என்று அவள் மாமியார் நாலு பேர் நடுவில் கேட்டுவிட்டார். அவர் கெட்டவரில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னார். ஆனால் இவளுக்கு அது தைத்துவிட்டது.

"அண்ணி, சீட்டுப் பணம் வந்திருக்கு. ஊசி போட்டுக்கலாம்னு இருக்கேன். அண்ணன்கிட்ட சொல்லாதீங்க. நீங்க மட்டும் கூட வாங்க" என்றாள். போனேன்.

உள்ளே போவதற்கு முன்னால் ஒரு படிவம் தந்தார்கள். இதற்கு முன் என்ன வியாதி, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், எதுவும் ஒத்துக்கொள்ளாதா என்றெல்லாம் கேள்விகள். அசட்டையாக நிரப்பக் கூடாத படிவம் இது. ஊசி போடலாமா என்பதே இதில்தான் பாதி தீர்மானமாகிறது. நரம்பும் தசையும் சேருமிடத்தில் கோளாறு உள்ளவர்கள், மயஸ்தீனியா கிராவிஸ் என்ற தசைச் சோர்வு வியாதி உள்ளவர்கள், கட்டாயம் சொல்ல வேண்டும். ஜென்டாமைசின் போன்ற சில ஆன்டிபயாடிக் மருந்துகள் இந்த ஊசியின் வேகத்தைக் கூட்டிவிடும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் குத்திய இடத்தில் ரத்தம் கட்டலாம். அதற்காக இதய டாக்டர் எழுதித் தந்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்; இரண்டு டாக்டர்களையும் கேட்டுத்தான் எதுவும். சின்டாக்ஸ்போல் சொல்லிவிடுகிறேன்: பசும்பால் புரதமே ஒத்துக்கொள்ளாதவர்கள் அதையும் எழுதுங்கள். டிஸ்போர்ட் அவர்களுக்கு ஆகாது.

உள்ளே ஒரு பெண் டாக்டர். ஐம்பது வயசிருக்கும். "சொல்லுங்கம்மா, உங்களை உறுத்தறது எது?" என்றுதான் ஆரம்பித்தார். இவள் கோட்டைக் காட்டினாள். "எத்தனை நாளா? நீங்களா கவனிச்சீங்களா, யாராவது சொன்னாங்களா?" என்று அடுத்த கேள்வி. சாதாரணக் கேள்வி மாதிரித்தான் தெரியும். ஆனால் அதில்தான் டாக்டரின் தரம் தெரிகிறது. தனக்காகச் செய்துகொள்ள வந்திருக்கிறாளா, பிறர் சொன்ன சொல்லுக்காக வந்திருக்கிறாளா என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். இவள் கண் கலங்கிவிட்டது. டாக்டர் அவசரப்படாமல் காத்திருந்தார்.

பிறகு, தூக்கம் எப்படி, ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறாள், காரணமில்லாமல் அழுகை வருகிறதா, எதிலும் பிடிப்பில்லாமல் இருக்கிறதா என்று விசாரித்தார். பிரசவத்துக்குப் பிறகு சில தாய்மார்களுக்கு மனச்சோர்வு வந்து மாதக்கணக்கில் நீடிப்பதுண்டு. வெளியில் தெரிவது சுளித்த முகம் மட்டும்தான். உள்ளே வேறு ஒன்று இருக்கும். அதற்கு நல்ல வைத்தியம் இருக்கிறது, ஆனால் அது புருவத்தில் போடும் ஊசி இல்லை. இதைப் படிக்கிற இளம் தாய் யாருக்காவது அப்படி இருந்தால், இந்தக் கட்டுரையின் மிச்சத்தை அப்புறம் படித்துக்கொள்ளுங்கள். முதலில் உங்கள் பிரசவ டாக்டரிடம் சொல்லுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமே இல்லை.

என் நாத்தனாருக்கு அது இல்லை. தூக்கம்தான் குறைவு. டாக்டர் படிவத்தைக் கையில் எடுத்தார். "இதை நிரப்பும்போது பார்த்தேன். காகிதத்தை மூக்குக்கிட்ட வச்சுக்கிட்டு, கண்ணை இடுக்கிக்கிட்டு எழுதினீங்க. கண்ணாடி போடறவங்களா?"

"காலேஜ்லேருந்து போடறேன் டாக்டர். பெரியவன் பிறந்ததும் விட்டுட்டேன். போட்டா குழந்தை பிடுங்கிடறான்."

"தலை வலிக்குமா?"

"சாயங்காலமானா தினமும்தான்."

பார்த்தீர்களா? ஐந்து வருஷமாகக் கண்ணாடி அலமாரியில் தூங்குகிறது. இவள் காலையிலிருந்து ராத்திரி வரை கண்ணை இடுக்கி, புருவத்தை நெறித்தே உலகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தசை ஓயாமல் வேலை செய்தால் கோடு விழாமல் என்ன செய்யும்?

"இன்னிக்கு ஊசி வேண்டாம்மா" என்றார் டாக்டர். தாய்ப்பால் கொடுக்கும் காலத்தில் இந்த மருந்து எந்த அளவுக்குப் பத்திரம் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை. கர்ப்ப காலத்திலும் அப்படியே. உயிர் காக்கும் மருந்து என்றால் வேறு யோசனை. அழகுக்காகச் செய்வதில் குழந்தை பால் மறக்கும் வரை பொறுப்பதில் என்ன நஷ்டம்? முதலில் கண் பரிசோதனை செய்து புதுக் கண்ணாடி போடச் சொன்னார். ஆலோசனைக் கட்டணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்.

வெளியே வந்ததும் அவளுக்கு ஏமாற்றம்தான். "இதுக்கா அண்ணி இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று முணுமுணுத்தாள். ஊசி போடாமல் அனுப்புகிற டாக்டர்தான் ஊசி போட நம்பத்தக்கவர் என்று நான் சொன்னேன். கண்ணாடி போட்ட இரண்டாம் வாரம் சாயங்காலத் தலைவலி நின்றுபோனது. கோடு அப்படியேதான் இருக்கிறது. கண்ணாடி போட்டதும் அது ஓடிவிடவில்லை. ஆனால் ஆழமாகாமல் இருக்கும். பால் மறந்த பிறகு வேண்டுமானால் பார்த்துக்கொள்ளலாம் என்று சீட்டுப் பணத்தைத் தபால் ஆபீஸில் போட்டுவிட்டாள்.

கண்ணாடி முன்னால் நடப்பது

எல்லாருக்கும் 'வேண்டாம்' என்று பதில் வருவதில்லை. பரிசோதனை எப்படி இருக்கும் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். போகும்போது முகத்தில் பவுடர், கிரீம் எதுவும் வேண்டாம். ஸ்டிக்கர் பொட்டை எடுத்துவிட வேண்டும். பொட்டின் பசையால் சிலருக்கு அந்த இடத்தில் அரிப்போ வெள்ளைத் திட்டோ வந்திருக்கும். அதையும் டாக்டர் அப்போதே பார்த்துவிடலாம். அங்கே புண்ணோ, சீழ்க் கட்டியோ இருந்தால் அது ஆறும் வரை ஊசி கிடையாது.

"கோபமா முறைங்க. இப்ப புருவத்தை உயர்த்துங்க. கண்ணை இறுக்கி மூடுங்க" என்று டாக்டர் ஒவ்வொன்றாகச் செய்யச் சொல்வார். சிரிப்பு வரும், பரவாயில்லை. எந்தத் தசை எவ்வளவு பலமாக இழுக்கிறது, இரண்டு புருவமும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா, இமை ஏற்கெனவே சற்றுத் தொங்கலாக இருக்கிறதா என்று அவர் பார்க்கிறார். போட்டோ எடுப்பார்கள். அது உங்கள் கோப்புக்காக மட்டும்தானா, விளம்பரத்துக்கும் போடுவார்களா என்று கேளுங்கள். கையெழுத்து வாங்கும் காகிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இருக்கும். இஷ்டமில்லாவிட்டால் அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ஊசி என்றால் என்ன செய்வார்கள்?

மருந்து பொடியாகச் சின்னக் குப்பியில் வருகிறது. குளிர்பெட்டியில் வைத்திருந்து, உப்புநீரில் கரைத்துப் போடுவார்கள். புருவ நடுவில் வழக்கமாக ஐந்து இடங்களில், மிக மெல்லிய ஊசியால் குத்துவார்கள். எறும்பு கடித்த மாதிரி சுருக்கென்று இருக்கும். சில நிமிஷங்களில் வேலை முடிந்துவிடும். அன்றைக்கே வீட்டுக்கு வந்து சமைக்கலாம்.

கண்ணாடியில் உடனே மாற்றம் தெரியாது. மூன்று, நான்கு நாளில் தெரிய ஆரம்பித்து, இரண்டு வாரத்தில் முழுப் பலன் தெரியும். மூன்று நான்கு மாதத்தில் தசை பழையபடி வேலைக்கு வந்துவிடும். கோடும் திரும்பி வரும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவைக்கு மேல் போடக் கூடாது.

ஊசி போட்ட அன்று அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது. சில மணி நேரம் படுக்காமல் இருக்கச் சொல்வார்கள். எண்ணெய் தேய்த்து முழுகுவது, முகத்துக்கு மசாஜ், புருவம் திருத்துவது எல்லாம் டாக்டர் சொல்லும் வரை வேண்டாம். பொட்டைக்கூட அழுத்தி ஒட்டாதீர்கள்.

தொல்லைகள் உண்டா? உண்டு. குத்திய இடத்தில் ரத்தம் கட்டலாம், தலைவலி வரலாம். இரண்டும் சில நாளில் போய்விடும். மருந்து கொஞ்சம் நகர்ந்துவிட்டால் மேலிமை தொங்கலாம். போடாக்ஸ் மருந்தை ஆராய்ந்தபோது நூறு பேரில் மூன்று பேருக்கு அப்படி ஆயிற்று. சில வாரங்களில் தானாகச் சரியாகிவிடும். ஆனால் அடுத்த வாரம் வீட்டில் கல்யாணம் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். விழுங்கவோ பேசவோ மூச்சுவிடவோ கஷ்டமாக இருந்தால், அது ஊசி போட்டுச் சில மணி நேரமானாலும் சரி, சில வாரமானாலும் சரி, ஒரு நிமிஷம் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அபூர்வம்தான், ஆனால் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. கோட்டை நிரப்புகிறோம் என்று 'ஃபில்லர்' என்ற வேறு ஊசியைச் சிலர் சொல்வார்கள். அது ஜெல் மாதிரிப் பொருள். புருவ நடுவில் ஓடும் ரத்தக் குழாய்கள் கண்ணுக்குப் போகும் குழாய்களோடு தொடர்புள்ளவை. ஃபில்லர் தவறி ரத்தக் குழாயில் போய்விட்டால் தோல் கருகலாம், பார்வையே போகலாம். ஃபில்லரில் மிக ஆபத்தான இடங்களில் புருவ நடு ஒன்று. இரண்டு ஊசியும் ஒன்றுதான் என்று யாராவது சொன்னால் அங்கே நிற்க வேண்டாம்.

காசு விஷயம்

விலையை யூனிட் கணக்கில் சொல்வார்கள். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒரு கம்பெனி யூனிட்டும் இன்னொரு கம்பெனி யூனிட்டும் ஒன்றல்ல. புருவ நடுவுக்குப் போடாக்ஸ் என்றால் வழக்கமான அளவு 20 யூனிட். டிஸ்போர்ட் என்றால் 50 யூனிட். ஆகையால் யூனிட் விலை மலிவு என்று மயங்காமல், "என் நெற்றிக்கு மொத்தம் எவ்வளவு ஆகும்?" என்று கேளுங்கள். பிறகு அந்தத் தொகையை மூன்றால் பெருக்குங்கள். அதுதான் வருஷச் செலவு. சிலருக்கு நான்கால் பெருக்க வேண்டியிருக்கும். ஒரே தடவை கொடுத்துத் தீர்க்கிற செலவில்லை இது, தவணை கட்டுகிற மாதிரி. மருத்துவ இன்ஷூரன்ஸில் அழகுக்கான ஊசிக்குப் பணம் கிடைக்காது. பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கட்டணத்துக்கு நடுவில் இது தாங்குமா என்று கணக்குப் போட உங்களுக்குச் சொல்லித்தரவா வேண்டும்?

அங்கே நீங்கள் கேட்க வேண்டியவை

ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் பாதி மறந்துவிடும்.

ஊசியை யார் போடுவார், நீங்களா, உதவியாளரா? மருந்தின் பெயர் என்ன, குப்பியைப் பிரிப்பதற்கு முன் காட்டுவீர்களா? எத்தனை யூனிட்? என் கோடு எவ்வளவு குறையும்? இமை தொங்கினால் யாரைக் கூப்பிடுவது, ராத்திரியானாலும் எடுப்பார்களா? இரண்டு வாரம் கழித்துப் பார்ப்பதற்குத் தனிக் கட்டணம் உண்டா? கடைசியாக, முக்கியமான கேள்வி: ஒன்றுமே செய்யாமல் விட்டால் என்ன ஆகும்?

இந்தக் கடைசிக் கேள்விக்கு நேர்மையான பதில் ஒன்றுதான். ஒன்றும் ஆகாது. கோடு மெதுவாக ஆழமாகும், அவ்வளவுதான். இது வியாதி இல்லை. அதைத் தயங்காமல் சொல்கிறவர் நல்ல டாக்டர்.

கூடவே ஊசி இல்லாத வழிகளையும் அவர் சொல்வார். வெளியே போகும்போது 30க்குக் குறையாத எஸ்.பி.எஃப். உள்ள சன்ஸ்கிரீன் பூசலாம். நடு வெயிலில் மொட்டை மாடியில் வற்றல் காயப் போடும்போது குடை பிடிக்கலாம், கறுப்புக் கண்ணாடி போடலாம். கண் கூசாவிட்டால் புருவம் நெறியாது. ராத்திரியில் பூசும் ட்ரெடினாயின் கிரீம் மெல்லிய கோடுகளுக்கு மாதக்கணக்கில் பலன் தரும். ஆனால் கர்ப்பமாக இருப்பவர்களும், கர்ப்பத்துக்கு முயற்சி செய்பவர்களும் அதைத் தொடக் கூடாது. மற்றவர்களும் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்க வேண்டாம்.

எனக்குத் தெரிந்த ஒரு சிநேகிதி, ஐம்பதைத் தாண்டியவர், தன் சம்பாத்தியத்தில் வருஷம் இரண்டு தடவை இந்த ஊசியைப் போட்டுக்கொள்கிறார். சந்தோஷமாக இருக்கிறார். அவரை யாரும் குறை சொல்ல வேண்டியதில்லை. தலை நரைக்குச் சாயம் பூசுகிறவர்களை நாம் கேள்வி கேட்கிறோமா? அதே மாதிரி, கோட்டோடேயே இருக்கிறேன் என்கிறவளை, "போட்டுக்கக் கூடாதா?" என்று துளைப்பதும் வேண்டாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. பெண்ணின் முகத்தில் கோட்டைப் பார்த்தால், "ஏன் இப்படி உர்ருன்னு இருக்கே?" என்று கேட்காதீர்கள். "தலை வலிக்குதா? ராத்திரி தூங்கினாயா?" என்று கேளுங்கள். காசு செலவில்லாத ஆலோசனை அது.

அடுத்த இதழில் குழந்தைகளின் பால் பற்களைப் பற்றிப் பேசுவோம். விழுகிற பல்தானே என்று விட்டுவிடலாமா என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். அதுவரை, இந்தப் பக்கத்தைப் படிக்கும்போது கண்ணை இடுக்கிக்கொண்டு படித்தவர்கள், அலமாரியில் இருக்கும் கண்ணாடியைத் தேடி எடுங்கள்!